கரும்பலகைக்கு முன்னால் பத்து நிமிடம்

2022 ஜூலையில் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. நான் பொறுப்புத் தலைமை ஆசிரியர். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் எடுக்கலாம், பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று அரசு சொல்லியிருந்தது. ஐந்து பேர் வந்தார்கள். சான்றிதழ்களைப் பார்த்த பிறகு, ஏழாம் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் முழுக்கள் பாடம் நடத்தச் சொன்னேன்.

முதலில் நடத்திய பெண்ணுக்கு நல்ல மதிப்பெண்கள், நல்ல கையெழுத்து. பலகையைப் பார்த்தே பேசி முடித்தார். நான்காவதாக வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். −3 −5 என்று எழுதி ஒரு பையனைக் கூப்பிட்டார். அவன் 8 என்று எழுதினான். அழிக்கவில்லை. “எப்படிப்பா வந்துச்சு?” என்றார். “மைனஸும் மைனஸும் பிளஸ், டீச்சர்.”

“சரி. கடையில மூணு ரூபாய் கடன். மறுநாள் இன்னும் அஞ்சு ரூபாய் கடன். இப்ப உன் கையில எட்டு ரூபாய் இருக்கா?”

பையன் சிரித்துவிட்டான். தானே போய் முன்னால் ஒரு கோடு போட்டான். அப்புறம்தான் அவர், பெருக்கலுக்கான விதியைக் கூட்டலில் போடக் கூடாது என்றார். இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறவர்களிலும் பலர் அந்த 8-ஐ அழித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். நானும் போயிருக்கிறேன்.

அவர் 2013 ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர். அப்போது 150-க்கு 90 வேண்டியிருந்தது. அதற்கு மேலேயே வாங்கியிருந்தார். ஆனால் அந்த நாளில் வெயிட்டேஜ் முறை: பழைய படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்து நூற்றுக்குக் கணக்குப் போட்டு, அதன்படிதான் வேலை. தகுதித் தேர்வுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10. தொண்ணூறுகளில் பிளஸ் டூ எழுதியவர், மதிப்பெண் தாராளமாக விழுந்த காலத்துப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியிருந்தது. 2018-இல் அந்த முறை போய், தகுதித் தேர்வில் தேறியவர்களும் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று வந்தது.

நான் தேர்வே எழுதாமல் வந்தவள். 1994-இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, 2008-இல் பதிவு மூப்பில் வேலை கிடைத்தது. எனக்குச் சொல்லித்தர வருமா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருடத் தகுதிகாண் பருவத்திலும் என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எதையும் முடிவு செய்யவில்லை. கோப்பு நகர்ந்தது, ஆணை வந்தது.

அதற்காக எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஐந்து பேரில் ஒருவருக்காக முந்தின நாள் இரவு எனக்கு போன் வந்தது. “நம்ம பொண்ணுதான் டீச்சர், பார்த்துச் செய்யுங்க.” பேசியவர் ஊரில் பெரிய மனிதர், பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தந்தவர். எனக்குத் தூக்கமே வரவில்லை. பதினோரு மாதச் சம்பளம்கூட உறுதியில்லாத வேலைக்கே இப்படி என்றால், நிரந்தர வேலையை உள்ளூரில் விட்டால் என்ன நடக்கும்? கூலி வேலை செய்பவரின் மகளும் யார் தயவும் இல்லாமல் ஆசிரியராகிறாள் என்றால், அது விடைத்தாளில் முகம் தெரியாததால்தான். அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆனால் தேர்வுக்குப் பின் வரும் தகுதிகாண் பருவம் இருக்கிறதே, அதையாவது உண்மையாக நடத்தலாம். வெளி மாவட்டத்திலிருந்து இரண்டு மூத்த ஆசிரியர்கள் சொல்லாமல் வந்து, கல்விப் பருவத்துக்கு ஒருமுறை பின் பெஞ்சில் உட்காரட்டும். பிள்ளை தப்பாக எழுதும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நாங்கள் அந்த நான்காவது ஆளைத்தான் எடுத்தோம். தண்ணீர்த் தொட்டிக்காரர் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 2024 பிப்ரவரி 4 அன்று நடந்த போட்டித் தேர்வை, பள்ளி வேலைக்கு நடுவே படித்து, அவர் எழுதினார். கிடைக்கவில்லை. அந்த வருடக் கலந்தாய்வில் எங்களுக்கு நிரந்தர ஆசிரியர் மாறுதலில் வந்தார். தற்காலிக ஆசிரியர் விலக வேண்டும், அதுதான் விதி.

கடைசி நாள் மாலை ஒரு நாற்பது பக்க நோட்டை என் மேஜையில் வைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாதவன் யார், பின்னம் என்றாலே பேனாவை மூடி வைப்பவள் யார், வாய்ப்பாடு தெரிந்தும் சொல்லக் கூச்சப்படுபவன் யார் என்று எழுதியிருந்தார். “புதுசா வர்றவங்ககிட்ட குடுத்திடுங்க டீச்சர்” என்றார்.