ஜன்னலோர வெயில்

இந்தக் குளிர் ஊருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு வாய்த்த ஒரே சுகம் தெற்குப் பக்கத்து ஜன்னல். நண்பகலில் இரண்டு மணி நேரம் அதன் வழியே வெயில் விழும். நாற்காலியை இழுத்துப் போட்டு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு வைட்டமின் டி குறையுமா என்ற மிதப்பு வேறு.

பிப்ரவரியில் படியேறினால் தொடை கனத்தது. தாழ்வான சோபாவிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. குளிர் என்றேன், வயது என்றேன். இரத்தப் பரிசோதனை வேறு சொன்னது: வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். 12க்குக் கீழே போனாலே பற்றாக்குறை.

"தினமும் ஜன்னலோரம் வெயில் காய்கிறேனே, டாக்டர்?"

"ஜன்னலைத் திறந்துவைத்தா, மூடியா?"

மூடித்தான். அந்தக் குளிரில் யார் திறப்பார்கள்?

தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். சூட்டையும் வெளிச்சத்தையும் தாராளமாக உள்ளே விடும் கண்ணாடி, அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. திறந்துவைத்திருந்தாலும் பலனில்லையாம். குளிர்காலச் சூரியன் தாழ நிற்பதால் கதிர்கள் சாய்வாக, காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகின்றன. வழியிலேயே ஓசோன் அவற்றை வடிகட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு நம் தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின். கொளுத்தும் வெயிலுக்கென்று உடம்பு பிடித்த குடையை வெயிலே இல்லாத ஊரிலும் மடக்க வழியில்லை.

"உங்கள் நிழலைப் பாருங்கள். உங்களைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலை நம்பாதீர்கள்" என்றார் மருத்துவர். வெளியே வந்து பார்த்தேன். நடைபாதையில் நான் நிற்க, என் தலை நடுச்சாலையில் கிடந்தது.

சில வாரங்களுக்கு வீரியம் கூடிய மாத்திரை, பிறகு தினமும் 1000 அலகு. வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தேன். கொழுப்பில் கரையும் சத்து, சாப்பாட்டோடு எடுங்கள் என்று திருத்தினார்கள். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், பரிசோதனை எதுவும் செய்யாமல், தானாகவே நாளுக்கு 10,000 அலகு விழுங்க ஆரம்பித்தார். மருத்துவர் சொல்லாமல் 4000ஐத் தாண்டக் கூடாது. மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அவரைத் தடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நண்பகலில் நிழல் என் உயரத்துக்குக் குறைந்திருந்தது. முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டேன்.