கால் சென்டர்: பயிற்சி வகுப்பிலிருந்து முதல் அழைப்பு வரை

நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும், கால் சென்டர் வேலை கிடைத்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேலை கிடைக்கலாம். ஆனால் செய்கிற வேலையில் பேச்சு பாதிகூட இல்லை.

குரல், தட்டச்சு வேகம் இரண்டையும் பார்த்து என்னை இன்பவுண்டில் எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் கூப்பிடுவார், நாம் எடுக்க வேண்டும். விற்பனை, பாக்கி வசூல் மாதிரி நாமே கூப்பிடுகிற வேலையெல்லாம் அவுட்பவுண்ட்.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அழைப்பு வந்து சேரும் வழி. ‘ஒன்றை அழுத்தவும்’ என்கிற தானியங்கிக் குரலான ஐவிஆரைத் தாண்டியதும், சும்மா இருக்கும் ஏஜென்டுக்கு, அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் ஏசிடி என்கிற அமைப்பு அதைத் தள்ளிவிடும். எத்தனை பேர் சீட்டில் இருக்க வேண்டும் என்ற கணக்குக்கு, டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1917இல் தொலைபேசி நிலையங்களுக்காக வெளியிட்ட சூத்திரங்கள்தான் இன்றும் அடிப்படை. 80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுப்பது பல இடங்களில் இலக்கு. இரண்டு பேர் இடைவேளையிலிருந்து தாமதமாக வந்தால்கூட வரிசை நீண்டுவிடும். பிரேக் நேரத்தில் நிறுவனம் காட்டும் கண்டிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் நெஸ்டிங், அதாவது மேற்பார்வையோடு அழைப்பு எடுத்துப் பழகும் கட்டம். அழைப்பு உண்மையானது; சீனியர் பக்கத்தில் ஹெட்செட்டோடு கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு வந்த முதல் அழைப்பே, “இதே கதையை எத்தனை பேரிடம்தான் சொல்வது?” என்ற கோபத்தோடு தொடங்கியது. பழைய பதிவைத் திறந்தேன். ‘வாடிக்கையாளர் அழைத்தார், தகவல் தரப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. என்ன கேட்டார், என்ன சொன்னார்கள், ஒன்றும் இல்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. குறுக்கிடாமல் முழுவதும் கேட்டேன், திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினேன், பிறகுதான் ஹோல்டில் போட்டு சீனியரிடம் தீர்வு கேட்டேன்.

பேசிய நேரம், ஹோல்ட், அழைப்புக்குப் பின் குறிப்பு எழுதும் நேரம் மூன்றும் சேர்ந்ததுதான் ஏஹெச்டி, அதாவது ஓர் அழைப்பைக் கையாள ஆகும் சராசரி நேரம். அதைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டுப்படுவது குறிப்புதான். இது தவறு என்றே நினைக்கிறேன். அங்கே மிச்சம் பிடிக்கிற அரை நிமிடம், அடுத்த அழைப்பில் பல நிமிடங்களைத் தின்றுவிடுகிறது.

புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டுக்கொண்டே டைப் செய்யப் பழகுங்கள். என்ன பிரச்சினை, என்ன செய்தோம், எந்தத் தேதிக்குள் என்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறோம், இவ்வளவு இருந்தால் போதும். அழைப்பு முடிவதற்குள் குறிப்பும் முடிந்திருக்கும்.