கயலுக்கு மூன்று எழுத்து

என் மகளுக்கு இரண்டரை வயது. பெயர் கயல். மூன்றே எழுத்து, கூடவே ஒரு புள்ளி இலவசம்.

பென்சிலை இன்னும் கையில் கொடுக்கவில்லை. இந்த வயதில் விரல்களுக்கு அந்தப் பிடிமானம் வராது. தோளை அசைத்துப் பெரிதாகக் கிறுக்கத்தான் வரும். அதனால் மொட்டைமாடிதான் எங்கள் பலகை. ஒரு மக்கில் தண்ணீர், பெயிண்ட் அடிக்கும் பழைய பிரஷ். வெயிலில் எழுத்து காய்ந்து மறைவதற்குள் அதன்மேல் நடந்துவிட வேண்டும். விதி போட்டது அவள்தான்.

மழை நாளில் தாம்பாளத்தில் கோலமாவு. "விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைப்போமே, அதைத்தானே தினமும் செய்கிறாய்?" என்கிறார் மாமியார். சரிதான்.

எங்கள் வீட்டில் அதிகம் எடுபட்டது தோசைக்கல். மாவைச் சாஸ் பாட்டிலில் ஊற்றி எழுத்தாகப் பிழியலாம். திருப்பிப் போட்டால் எழுத்து இடவலம் மாறிவிடும்; மூடி போட்டு ஒரு பக்கமே வேகவிடுங்கள். 'ய' எளிது. 'க' சுழியெல்லாம் ஒட்டி அடையாகிவிடும். தட்டுக்கு வந்து சூடு ஆறியதும் 'ல்' மேல் நெய்யால் புள்ளி வைப்பது அவள் வேலை.

"247 எழுத்து இருக்கிறதே, 'அ'விலிருந்து தொடங்க வேண்டாமா?" என்றாள் தோழி. வரிசை பிறகு வரட்டும். தன் பெயர் என்றால் பிள்ளை தானாகவே பார்க்கிறது.

அப்புறம், தெருமுனை பால் பூத் பலகையில் இருக்கும் 'ல்' தன்னுடையது என்று இப்போது சண்டை. கடைக்கார அண்ணன் தர மறுக்கிறார்.