ஒரே டொமைன், ஆளுக்கொரு சாவி

எங்கள் டொமைன் பெயரில் மூன்று இடங்களிலிருந்து மெயில் போகிறது. ஊழியர்களுக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ், பில் அனுப்ப எங்கள் சொந்த சர்வர், செய்திமடலுக்கு ஒரு வெளிச் சேவை. இதில் செய்திமடல் மட்டும் ஸ்பேமில் விழுந்துகொண்டே இருந்தது. மெயிலின் தொழில்நுட்ப விவரங்கள் இருக்கும் ஹெட்டரைத் திறந்தால் டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) பாஸ், டிமார்க் (ஃப்ரம் முகவரியின் டொமைன் உண்மைதானா என்று பார்க்கும் சோதனை) ஃபெயில். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் கையொப்பத்தில் இருந்த டொமைனைக் கவனித்தேன், அது எங்களுடையதே இல்லை, அந்தச் சேவையுடையது. ஃப்ரம் முகவரியின் டொமைனோடு ஒத்துப்போகாத கையொப்பத்தை டிமார்க் கணக்கில் எடுக்காது. எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) காப்பாற்றும் என்று பார்த்தால், அது சரிபார்க்கும் ரிட்டர்ன் பாத்தும் (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி) அவர்களுடையதுதான்.

சரி, அப்படியானால் எங்கள் டொமைன் பெயரில் கையொப்பமிட மூன்று பேருக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிடலாமா? தயவுசெய்து வேண்டாம். ஓரிடத்தில் பிரைவேட் கீ (கையொப்பமிடும் ரகசியச் சாவி) கசிந்தால் மூன்று இடத்திலும் மாற்ற வேண்டிவரும். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒரே ரெக்கார்டுதான், அதிலும் 10 டிஎன்எஸ் (டொமைன் விவரங்களின் பதிவேடு) தேடலுக்கு மேல் போகக் கூடாது. டிகேஐஎம்மில் அந்த நெருக்கடி இல்லை, எத்தனை செலக்டர் (எந்தச் சாவி என்று காட்டும் பெயர்) வேண்டுமானாலும் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

செய்திமடல் சேவை சிநேம் ரெக்கார்டு (வேறொரு பெயரைச் சுட்டும் டிஎன்எஸ் பதிவு) கொடுத்தது, சாவியை அவர்களே அவ்வப்போது மாற்றிக்கொள்வார்கள். எங்கள் சர்வரில் ஓப்பன்டிகேஐஎம் என்ற மென்பொருளைப் போட்டு 2048 பிட் சாவி உருவாக்கினேன். அதன் பப்ளிக் கீ (கையொப்பத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் வைக்கும் சாவி) கிட்டத்தட்ட 400 எழுத்து வரும், ஆனால் டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு சரம் 255 எழுத்தைத் தாண்ட முடியாது என்பதால் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போட வேண்டும். சேமித்த பிறகு டிக் (டிஎன்எஸ் பதிவைத் தேடிக் காட்டும்) கட்டளையில் முழுச் சாவியும் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலில் ரெக்கார்டு, அது பரவிய பிறகுதான் கையொப்பமிடுவது. பழைய சாவியைத் தூக்கும்போதும் அவசரம் கூடாது, கியூவில் நிற்கும் மெயில் சில நாள் கழித்துக்கூடப் போய்ச் சேரும்.

தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுமே கட்டாயம். நாங்கள் அந்த அளவில் இல்லை, ஆனாலும் பில் போய்ச் சேராவிட்டால் பணம் வராதே!

டிமார்க் பாலிசியை இன்னும் ‘நன்’ (ஃபெயிலான மெயிலைத் தடுக்காமல் அறிக்கை மட்டும் கேட்பது) என்றுதான் வைத்திருக்கிறேன். அறிக்கைகளில் நாலாவதாக ஓர் ஐபி தலைகாட்டியது, தேடிப் பார்த்தால் எங்கள் வருகைப்பதிவு மெஷின் தினமும் மாலை நேரடியாக மெயில் அனுப்புகிறது. இனி அதுவும் பில் சர்வர் வழியாகத்தான் போகும்.