கயிறு கட்டப் பழகிய மூன்று மாதங்கள்

கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கோடையில் தண்ணீர் இறங்கிய பிறகு கால் அடித்தரையில் பட்டுவிட்டால் போதும், சேறு புகையாய்க் கிளம்பும். அது மறுபடி படிந்து தண்ணீர் தெளிய அரை நாள் ஆகும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மெக்சிகோவின் துலும் அருகே தோஸ் ஓஹோஸ் என்ற நீர்க்குகையில் வழிகாட்டியின் பின்னால் நீந்திக்கொண்டிருந்தபோது எதற்கோ திரும்பிப் பார்த்தேன். என் காலில் மாட்டிய துடுப்பு உதைத்த இடத்திலிருந்து அதே புகை எழுந்துகொண்டிருந்தது. பின்னால் வந்தவரின் டார்ச் வெளிச்சம் அதற்குள் மங்கி, மஞ்சள் பொட்டாகி, காணாமலே போனது. ஐந்தாறு வினாடிகளில் அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு அறையில் படுத்திருந்தபோதுதான் அந்த ஐந்தாறு வினாடிகள் திரும்பத் திரும்ப வந்தன. வழிகாட்டியின் விளக்கு மறைந்துபோயிருந்தால் நான் எந்தப் பக்கம் போயிருப்பேன்? பதில் என்னிடம் இல்லை.

அங்கே சாதாரண ஸ்கூபா சான்றிதழ் உள்ளவர்களும் இறங்கலாம். குகைப் பயிற்சி முடித்த வழிகாட்டி ஒருவர் முன்னே போக, அவருக்குப் பின்னால் நான்கு பேருக்கு மிகாமல் போகலாம். பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் அறிவு முழுவதும் முன்னால் போகிறவரிடம் இருக்கிறது. நான் வெறும் சாமான் போலப் போய் வந்திருக்கிறேன். அதனால்தான் குகைவாய் முக்குளிப்புக்கான முதல் வகுப்பில் சேர்வது என்று முடிவு செய்தேன்.

குகைவாய் வேறு, குகை வேறு. திரும்பிப் பார்த்தால் வெளி வெளிச்சம் தெரிகிற தூரம் வரைதான் குகைவாய். நான் சேர்ந்த வகுப்பில் ஆழத்தையும் உள்ளே போகும் தூரத்தையும் சேர்த்து 60 மீட்டர்தான் எல்லை. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய இடுக்குகள் பக்கமே போகக் கூடாது. ஆளுக்கு இரண்டு டார்ச் எடுத்துப் போனாலும் அவற்றை யாரும் முதன்மை விளக்காகக் கணக்கில் வைப்பதில்லை. குகைவாயில் முதல் விளக்கு சூரியன். ஆகவே இருட்டிய பிறகு இறங்குவதும் இல்லை. இந்த ஒரு வரையறையைப் படித்தபோதே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

யுகாத்தான் தீபகற்பத்தின் வட பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேலே ஓடும் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பெய்யும் மழை அத்தனையும் கல்லின் விரிசல்களில் இறங்கி, கல்லைக் கரைத்து, பூமிக்கடியில் ஓடிக் கடலுக்குப் போகிறது. கூரை இடிந்து தண்ணீர் வெளியே தெரிகிற இடங்களைத்தான் செனோட்டே என்கிறார்கள். சோனோட் என்ற மாயா மொழிச் சொல்லை ஸ்பானியர்கள் அப்படி உச்சரித்தார்கள். சுற்றுலாப் படங்களில் பார்க்கிற சிச்சென் இட்ஸா என்ற பெயருக்கே 'இட்ஸா மக்களின் கிணற்று வாயில்' என்றுதான் பொருள். கிணற்றின் பெயரால் ஊருக்குப் பெயர் வைத்த மக்களை எனக்கு உடனே பிடித்துப்போனது.

பனி யுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன. சொட்டுச் சொட்டாய் வடிந்த நீரில் கல் விழுதுகள் வளர்ந்தன. பிறகு கடல் ஏறியது, நிலத்தடி நீரும் ஏறியது, எல்லாம் மூழ்கியது. இன்று தண்ணீருக்குள் தொங்கும் ஒவ்வொரு விழுதும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வளர்ந்து நின்றுபோனது, இனி வளராதது. 2018 ஜனவரியில் தோஸ் ஓஹோஸ் குகையும் சாக் அக்தூன் குகையும் ஒன்றே என்று முக்குளிப்பவர்கள் வழி கண்டுபிடித்தபோது அதன் மொத்த நீளம் 347 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அதே குகைத் தொகுதியில், ஓயோ நெக்ரோ என்ற ஆழ்குழியில், 2007-ல் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. நாயா என்று பெயர் வைத்தார்கள். 12,000 ஆண்டுகளுக்கும் முந்தையவள். இப்படிப்பட்ட இடத்துக்குள் நாம் காலை உதறிக்கொண்டு போகலாமா? என் பயிற்சியை நான் காலிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

புதுச்சேரிக் கடலில் கற்றுக்கொண்ட காலத்தில் நான் எல்லோரையும் போல மேலும் கீழுமாக உதைத்தே நீந்தினேன். அந்த உதை தண்ணீரை நேரே தரையை நோக்கித் தள்ளும். குகையில் அது கூடாது. முழங்காலை மடித்து, துடுப்பை முதுகுக்கும் மேலே வைத்து, தவளை போலப் பின்னால் விரித்துத் தள்ள வேண்டும். வீட்டில் பெஞ்சின் மேல் குப்புறப் படுத்து, காலில் துடுப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் கைப்பேசியை நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தேன். என் மனதில் முழங்கால் மடங்கியிருந்தது, படத்தில் நீட்டியிருந்தது. சரியாக வர மூன்று வாரம் ஆனது. அதைவிடக் கடினம் பின்னோக்கி நீந்துவது. முன்னால் ஒரு கல் விழுது வந்துவிட்டால் கையை நீட்டித் தள்ளக் கூடாது, துடுப்பின் ஓரத்தால் தண்ணீரை முன்பக்கம் இழுத்துப் பின்வாங்க வேண்டும். சென்னையில் ஒரு நீச்சல்குளத்தில் சனிக்கிழமை காலைகளில் இதையே செய்தேன். தரையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அதற்கு ஒரு முழம் மேலே மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்க வேண்டும். மூச்சை இழுத்தால் சற்றே ஏறுவோம், விட்டால் இறங்குவோம். முதல் நாள் அரை நிமிடம்கூட முடியவில்லை. இரண்டாம் மாத முடிவில், முகக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிய பிறகும் நாணயம் எனக்கு நேர்கீழேயே இருந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அடுத்தது காற்றுக் கணக்கு. ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க என்பது குகையில் மாறாத விதி. 200 பார் அழுத்தத்தில் சிலிண்டர் இருந்தால், மூன்றால் வகுக்க வசதியாக 180 என்று குறைத்துக்கொண்டு, 60 பார் செலவானதும், அதாவது அழுத்தமானியின் முள் 140-ஐத் தொட்டதும் திரும்ப வேண்டும். மூன்றாவது பங்கு எனக்கானது அன்று. உள்ளே போன கடைசிப் புள்ளியில் என் துணைவரின் காற்று முழுவதும் போய்விட்டால், இருவரும் என் ஒரே சிலிண்டரை மூச்சிழுத்து வெளியே வருவதற்கு அது. அதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த எண்ணைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. புதுச்சேரியில் 10 மீட்டர் ஆழத்தில் பத்து நிமிடம் நிதானமாக நீந்தி அளந்தபோது 36 பார் செலவானது. அந்த ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால், 11 லிட்டர் சிலிண்டருக்கு அது நீர்மட்டக் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர். கால் சரியானதும் அதே அளவீடு 29 பாரில் வந்து நின்றது. மூச்சைக் குறைக்க நான் எதுவுமே செய்யவில்லை. வீணாக உதைப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

இந்த விதிகளைப் பலர் உயிரைக் கொடுத்து நமக்குத் தந்திருக்கிறார்கள். புளோரிடாவில் கணித ஆசிரியராக இருந்த ஷெக் எக்ஸ்லி, எழுபதுகளில் குகை மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து காரணங்களைப் பிரித்தார். வெளிவாசல் வரை தொடர்ச்சியான கயிறு இல்லாதது, மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் திரும்பி வருவதற்கு வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழம். பயிற்சியின்மையும் விளக்குக் குறைவும் பின்னர் சேர்ந்தன. எக்ஸ்லியே 1994-ல் மெக்சிகோவின் சகாத்தோன் என்ற ஆழ்குழியில் ஆழச் சாதனைக்கு முயன்றபோது இறந்தார். குகைகள் தொடங்கும் இடங்களில் மரண உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகை ஒன்று இருக்கும். கடலில் பிறருக்குக் கற்றுத்தரும் பயிற்றுநர்களும் இத்தகைய குகைகளில் இறந்திருக்கிறார்கள் என்று அது சொல்லும். கடல் அனுபவத்தை மட்டும் நம்பி உள்ளே போகிறவர்களை நிறுத்துவதற்கு அந்த ஒரு வரி போதும்.

மூன்றாம் மாதம் கயிறு. உள்ளே போகும்போது கட்டிக்கொண்டே போய், திரும்பும்போது அதைப் பிடித்து வெளியே வருவதற்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கயிறு சுற்றிய ரீலையும் எடுத்துப் போனேன். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெள்ளை நைலான் கயிறு. முதல் கட்டு குகைக்கு வெளியே, நேராக மேலே ஏறிவிடக்கூடிய திறந்த தண்ணீரில் இருக்க வேண்டும். இரண்டாம் கட்டு வாசலைத் தாண்டிய உடனே. ஒன்று நழுவினாலும் மற்றொன்று பிடிக்கும். அதன் பிறகு வளைவுகளில் கல்லைச் சுற்றி, கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கும்படி போக வேண்டும். தொய்ந்தால் துடுப்பில் சிக்கும். அதைவிட ஆபத்து, நாம் வந்த அகலமான வழியை விட்டு ஆள் நுழைய முடியாத இடுக்கில் கயிறு போய் ஒண்டிக்கொள்வது. புகைக்குள் கண் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் அந்த இடுக்கில் வந்து முட்டி நிற்பார்.

தோட்டத்தில் முதல் கட்டை மோட்டார் அறைக் கம்பியிலும் இரண்டாவதை வேப்ப மரத்திலும் போட்டு, நான்கு தென்னைகளைச் சுற்றிக் கொண்டுபோனேன். பிறகு கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கயிற்றைச் சூழ்ந்திருக்க, இழுக்காமல், விடாமல், திரும்பி நடந்தேன். இரண்டாவது தென்னையில் கயிறு வலப்பக்கம் திரும்பியது. அங்கே நான் இடப்பக்கம் என்று சத்தியம் செய்திருப்பேன். கை சொல்வதைத்தான் நம்ப வேண்டும் என்பது அந்த இடத்தில் உள்ளே இறங்கியது.

அம்மா களத்து மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். 2018-ல் தாய்லாந்துக் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்கள் பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் நாள் தவறாமல் பார்த்தவர். காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் சமான் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் இறந்துபோனதை அவர் மறக்கவில்லை. "அவர் பழகினவர்தானே கண்ணு?" என்று கேட்டார். அவர் போனது வெள்ளத்தில் கலங்கிய நெடுங்குகை, நான் போவது வெளிச்சம் தெரிகிற வாசல் என்று விளக்கினேன். தலையசைத்தார், சமாதானம் ஆகவில்லை. சற்று நேரம் கழித்து, "திரும்பலாம் என்று யார் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினால் எல்லோரும் திரும்பியாக வேண்டும், ஏன் என்று பிறகும் யாரும் குறை சொல்லக் கூடாது என்றேன். "அப்படியானால் சரி. நீ சொல்லக் கூச்சப்படாதே" என்று சொல்லிவிட்டு, கயிற்றின் மறுமுனையை அவிழ்த்துச் சுற்ற உதவினார்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. கான்கூன் விமான நிலையத்திலிருந்து துலுமுக்கு நேரடி பஸ் இருக்கிறது. தண்ணீர் 25 டிகிரிதான், ஒரு மணி நேரத்தில் குளிர் எலும்புக்குப் போகும். ஐந்து மில்லிமீட்டர் உடை எடுத்துப் போங்கள். இறங்கும் முன் குளித்துவிட வேண்டும், சன்ஸ்கிரீன் பூசக் கூடாது. கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள்.

வகுப்பு மூன்று நாள், நான்கு முக்குளிப்பு. முதல் காலையில் பயிற்றுநர் எங்களைத் தண்ணீர் பக்கமே விடவில்லை. காட்டு மரங்களுக்கிடையில் கயிறு கட்டச் சொன்னார். நான் கட்டியதை விரலால் சுண்டிப் பார்த்தார், அது தந்தி போல அதிர்ந்தது. ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போனார். பிற்பகலில்தான் இறங்கினோம்.

ரீல் என் கையில். திறந்த தண்ணீரில், மேலே மரக்கிளைகள் தெரிய, முதல் கட்டு. வாசலுக்குள் ஒரு கல் முனையில் இரண்டாம் கட்டு. பின்னால் திரும்பினால் நீல வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. முள் 150-ல் இருந்தது, இன்னும் 10 பார் போகலாம். என் இடது காது இறுகத் தொடங்கியது. வலி இல்லை, வெறும் இறுக்கம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றும் தோன்றியது. கட்டைவிரலை உயர்த்தினேன். துணைவர் உயர்த்தினார், பயிற்றுநரும் உயர்த்தினார். மூவரும் திரும்பினோம். ரீலைச் சுற்றிக்கொண்டே வந்தேன். கயிறு ஈரமாய், விறைப்பாய், தொய்வில்லாமல் ஏறியது. இரண்டாம் கட்டு அவிழ்ந்தது. முதல் கட்டில் முடிச்சு சற்றே இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினேன், விட்டுக்கொடுத்தது. ரீலின் திருகை இறுக்கினேன். மேலே இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.