ஜோ தாமஸ் என்ற லைன்மேன்

அமெரிக்கன் ஃபுட்பாலில் எனக்கு மிகப் பிடித்தவர் பந்தை எறிபவரோ பிடிப்பவரோ இல்லை. கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியில் லெஃப்ட் டேக்கிளாக, அதாவது முன்வரிசையின் இடப்பக்கம் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேனாக, ஆடிய ஜோ தாமஸ்.

பந்தை எறிபவரான குவாட்டர்பேக் அதற்குத் தயாராகும்போது பெரும்பாலும் அவருடைய இடப்பக்கம் பார்வையில் இருக்காது. அங்கிருந்து பாய்ந்து வருகிறவரைத் தடுப்பதுதான் லெஃப்ட் டேக்கிளின் வேலை. சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருமுறை தவறினால் நாடே பார்க்கும்.

2007இல், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானார். விழாவுக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் வியப்புதான். முதல் ஆட்டத்திலிருந்து தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்). ஒன்றில்கூட வெளியே உட்காரவில்லை. 2017 அக்டோபரில் கையின் டிரைசெப்ஸ் தசை கிழிந்தபோதுதான் அது நின்றது.

அத்தனையும் தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணிக்காக! 2016இல் 16 ஆட்டத்தில் ஒரே வெற்றி, அடுத்த வருடம் அதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற குவாட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமலே 2018இல் ஓய்வு பெற்றார். கோப்பை வென்ற பலரைவிட இவரைத்தான் நான் பெரிய வீரராக மதிக்கிறேன்.

லைன்மேனுக்குத் தேவையான எடைக்காகப் பசிக்காதபோதும் சாப்பிட்ட மனிதர், ஓய்வுக்குப் பிறகு 50 பவுண்டு அளவுக்குக் குறைத்தார். 2023இல், தகுதி பெற்ற முதல் வருடத்திலேயே, ஒஹாயோவின் கேன்டனில் இருக்கும், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள்.