வெள்ளச் சேத க்ளெய்ம்: கம்பெனிக்கும் கெடு உண்டு

போன மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, மர அலமாரி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பாழாகிவிட்டன. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி இருந்ததால் அன்றைக்கே க்ளெய்ம் பதிவு செய்தேன்.

சேதத்தை மதிப்பிட கம்பெனி நியமித்த சர்வேயர் சீக்கிரமே வந்தார், பொறுமையாகவும் பார்த்தார். சுவரில் தண்ணீர் நின்ற கறையை டேப் வைத்து அளந்தார். அலமாரியில் உப்பிப்போன ப்ளைவுட்டைப் படம் எடுத்தார். ஃப்ரிட்ஜின் சீரியல் நம்பரையும் குறித்துக்கொண்டார். இழுத்தடிப்பு அப்புறம்தான் தொடங்கியது. கம்பெனியில் கேட்டால் அறிக்கை வரவில்லை என்பார்கள். சர்வேயரோ அனுப்பியாகிவிட்டது என்பார். அது ஓய்ந்ததும் பொருள் வாங்கிய பில் வேண்டும் என்றார்கள். வீடே மூழ்கிய இடத்தில் பில் மட்டும் எப்படித் தப்பும்?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2024 ஜூனில் பொதுக் காப்பீட்டுக்காக வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையைத் தேடிப் படித்தேன். க்ளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளுக்குள் அவர் அறிக்கை வந்துசேர வேண்டும். வந்த 7 நாளுக்குள் கம்பெனி தன் முடிவைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெரிய தெம்பு தந்தது இன்னொரு வரி: அறிக்கையை நேரத்தில் வாங்குவது கம்பெனியின் பொறுப்பு. இருவருக்கும் நடுவில் நான் அலைய வேண்டியதே இல்லை! ஆவணம் இல்லை என்று க்ளெய்மை நிராகரிக்கவும் கூடாதாம்.

அதோடு போனில் கேட்பதை நிறுத்தினேன். க்ளெய்ம் எண், தெரிவித்த தேதி, சர்வேயர் வந்த தேதி, தாண்டிப்போன கெடு எல்லாவற்றையும் எழுதி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் புகாரைப் பதிந்தேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் கம்பெனிக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போவேன் என்றும் சொல்லியிருந்தேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு உத்தரவிட முடியும்.

அதுவரை போகவேண்டி வரவில்லை. பில் கேட்பதை விட்டுவிட்டார்கள், சர்வே அறிக்கையின் நகலும் கேட்டதும் வந்தது. வரிவரியாகச் சரிபார்த்தேன், சர்வேயர் நியாயமாகத்தான் மதிப்பிட்டிருந்தார். பணமும் வந்துவிட்டது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும் என்பதும் விதிதான். அதை மட்டும் சேர்க்கவில்லை. நனைந்த வீட்டில் காத்திருந்த நாட்களுக்கான பணம் அது, விட எனக்கு மனமில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.